குறைபார்வையுள்ள பள்ளிக் குழந்தைக்குப் பார்வைத் துணைக்கருவி: அளப்பதிலிருந்து வகுப்பறை வரை

குறைபார்வைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையை அளந்து கண்ணாடிப் பவர் எழுதுபவர்), சிறப்பாசிரியர், வீட்டில் பயிற்சி கொடுக்கப்போகும் பெற்றோர் ஆகிய மூவருக்காகவும் எழுதப்பட்டது இது. அளவீடும் பவர் கணக்கும் முதலாமவர் வேலை. ஆனால் அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் கருவி புழக்கத்துக்கு வரும்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில். குழந்தை வந்து உட்கார்ந்ததுமே பெட்டியைத் திறந்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "இதில் தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும். பெரிதாக இருப்பதையோ விளக்கு எரிவதையோ குழந்தை கை காட்டும். சில வாரங்களில் அந்த லென்ஸ் அலமாரிக்குப் போய்விடும். கீழே உள்ள வரிசையில் கருவி ஐந்தாவது படியில்தான் வருகிறது. முந்தைய நான்கையும் முடிக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கண் மருத்துவரின் அறிக்கை. நோயின் பெயர், சிகிச்சை முடிந்துவிட்டதா, பார்வை நிலையாக இருக்கிறதா அல்லது குறைந்துகொண்டே போகிறதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கண்புரை, கண் நீர் அழுத்தம் போல சிகிச்சைக்கு உட்பட்ட ஏதாவது கவனிக்கப்படாமல் இருந்தால் முதலில் அதற்கு வழி பண்ணுங்கள்.

சிகிச்சையும் சரியான கண்ணாடியும் கொடுத்த பிறகும் நல்ல கண்ணில் பார்வை 6/18-க்குக் கீழே (மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலும் படிக்க முடியாத நிலை) இருந்தாலோ, பார்வைப்புலம் (கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு) மையத்திலிருந்து 10 பாகைக்குள் சுருங்கியிருந்தாலோ, இருக்கும் பார்வையைக் கொண்டு குழந்தை வேலை செய்ய முடியுமானால் அது குறைபார்வை. 6/18 என்பது வேலி அல்ல. 6/15 உள்ள குழந்தையும் பலகை தெரியாமல் திணறினால் அதற்கும் உதவி தேவை.

கருவிகள்: நகர்த்தி வைக்கக்கூடிய லாக்மார் சார்ட் (வரிக்கு வரி சீராகச் சிறுக்கும் எழுத்துகள் உள்ளது), எழுத்து தெரியாத குழந்தைக்கு ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் உள்ள லீ குறியீட்டு அட்டை, எம் அளவு (அச்செழுத்தின் அளவைச் சொல்லும் எண், எண் கூடினால் எழுத்து பெரிது) குறித்த வாசிப்பு அட்டை, மாறுபாட்டுச் சார்ட் (எழுத்துகள் வெளிறிக்கொண்டே போவது), ட்ரயல் ஃப்ரேம் (லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கும் கண்ணாடிச் சட்டம்), கழுத்து வளையும் மேசை விளக்கு, சாய்மேசை, அளவு நாடா, ஸ்டாப்வாட்ச்.

குழந்தையின் பையிலிருந்து வர வேண்டியவை: இப்போது நடத்தும் பாடப்புத்தகம், அது எழுதிய நோட்டு, ஒரு வினாத்தாள், பழைய கண்ணாடி, முன்பு கொடுத்த கருவிகள். நோட்டைப் புரட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வரிக்கோட்டை விட்டு ஏறி இறங்கும் கையெழுத்து, பாதியில் நின்றுபோன குறிப்பு, பக்கத்துப் பிள்ளையின் பிழையோடு அப்படியே எழுதப்பட்ட விடை எல்லாம் அதில் இருக்கும்.

## 1. எந்த வேலையில் திணறல் என்று எழுதுங்கள்

"பார்வை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பலகையிலிருந்து எழுதும்போது யார் வாசித்துச் சொல்கிறார்கள்? ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம்? வெயிலில் விளையாட முடிகிறதா? படி இறங்கும்போது தடுமாற்றம் உண்டா? இருட்டியபின் எப்படி?

பதில்களிலிருந்து இரண்டு இலக்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, அறிவியல் புத்தகம் படிப்பது, பலகையிலிருந்து கணக்கை எழுதிக்கொள்வது. ஒரு கருவி ஒரு தூரத்துக்கும் ஒரு வகை வேலைக்கும்தான் பொருந்தும். ஐந்து இலக்கோடு தொடங்கினால் ஐந்து கருவி சேரும், ஒன்றும் பழக்கத்துக்கு வராது.

பேச்சு நடக்கும்போதே குழந்தையைக் கவனியுங்கள். புத்தகத்தை எவ்வளவு கிட்ட வைக்கிறது, எந்தப் பக்கம் தலை திரும்புகிறது, ஜன்னல் பக்கம் பார்த்தால் கண் சுருங்குகிறதா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை என்று தெரிந்துவிட்டால் பல பிள்ளைகள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது அவர்கள் உண்மையில் பார்க்கும் விதம் மறைந்துபோகும்.

## 2. கண்ணாடிப் பவர்

குறைபார்வை என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் "கண்ணாடியால் பயனில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. விழித்திரைக் கோளாறுள்ள பல பிள்ளைகளுக்கு அதோடு பெரிய அளவு கிட்டப்பார்வையோ, தூரப்பார்வையோ, சிலிண்டர் பவரோ (திசைக்குத் திசை பவர் மாறும் குறை) சேர்ந்தே இருக்கும். அதைத் திருத்தாமல் மேலே லென்ஸ் கொடுத்தால் மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம்.

மருத்துவர் சொட்டு மருந்து போட்ட பிறகு ரெட்டினோஸ்கோப்பில் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் கருவி) பாருங்கள். கருவிக்குள் தலையை நுழைக்காமல் ட்ரயல் ஃப்ரேமில் செய்யுங்கள், தலையைத் திருப்பிப் பார்க்கும் குழந்தைக்கு அந்தச் சுதந்திரம் தேவை.

பவரைக் கூட்டிக் குறைத்துக் கேட்கும்போது 0.25 படியில் கேட்காதீர்கள். 6/60 பார்வைக்கு 2 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) மாறினால்தான் வித்தியாசம் உறைக்கும். ஆகவே +1.00, −1.00 என்று புரட்டிக் காட்டுங்கள். 6/30-க்கு +0.50, −0.50 போதும். சின்னப் படியில் கேட்டால் குழந்தை "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லும். அதை நம்பிப் பவரே இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

புதுப் பவர் பழையதிலிருந்து கணிசமாக மாறியிருந்தால் கண்ணாடி போட்டுச் சில வாரம் விட்டு, அடுத்த படியைப் பிறகு செய்யுங்கள். கண்ணாடியே ஒரு இலக்கைத் தீர்த்துவைத்துவிடலாம்.

## 3. நான்கு அளவுகள்

தூரப் பார்வை. 6 மீட்டரில் "முதல் எழுத்தே தெரியவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். சார்ட்டை 4, 2, 1 மீட்டர் என்று கிட்டக் கொண்டுவாருங்கள். "விரல் எண்ணுகிறது" என்ற குறிப்பிலிருந்து பவர் கணக்கிட முடியாது, எண் வேண்டும். குழந்தைக்கு வெற்றியோடு தொடங்குவதும் நல்லது.

கண் நடுக்கம் உள்ள குழந்தைக்கு இரு கண்ணையும் சேர்த்து முதலில் அளங்கள். ஒரு கண்ணை மூடினால் நடுக்கம் கூடி, பார்வை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். தனித்தனியாக அளக்க வேண்டுமென்றால் மற்றக் கண்ணை அட்டையால் மறைக்காமல் அதிகப் பிளஸ் லென்ஸால் மங்கலாக்குங்கள். தலையைத் திருப்பிக்கொள்ள விடுங்கள். நடுக்கம் குறைவாக இருக்கும் கோணத்தைக் குழந்தை தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. "நேராகப் பார்" என்று சொன்னால் அதன் நல்ல பார்வையை நாமே பறிக்கிறோம்.

கிட்டப் பார்வை. இங்கே இரண்டு எண்கள் தேவை: தட்டுத் தடுமாறியாவது படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்து, சரளமாகப் படிக்கிற மிகச் சிறிய எழுத்து. முதலாவதை மட்டும் குறித்துவிட்டு நகர்வதுதான் இந்தப் படியின் வழக்கமான பிழை. நாடாவால் தூரத்தையும் அளந்து எழுதுங்கள். தூரம் எழுதாத "1 எம்" என்ற குறிப்பால் பயனில்லை.

தமிழ் எழுத்தில் முதலில் காணாமல்போவது புள்ளி. அதன்பின் கொம்பின் சுழி, பிறகு ண-வின் மூன்றாவது சுழி. குழந்தை வாக்கியத்தின் பொருளை வைத்து இவற்றை நிரப்பிக்கொள்ளும், கேட்பவருக்குச் சரளமாகத்தான் ஒலிக்கும். பணி–பனி, கொடு–கோடு, விடு–வீடு, பல்–பல என்று பொருளால் ஊகிக்க முடியாத ஜோடிகளைத் தனிச் சொற்களாக ஒரு அட்டையில் பல அளவில் அச்சிட்டு வையுங்கள். வாக்கியத்தில் 1 எம் படித்த குழந்தை இந்த அட்டையில் 1.6 எம்மிலேயே தடுமாறினால் உண்மையான எல்லை அதுதான். சொல்வளம் இன்னும் சேராத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊகமும் கைகொடுக்காது.

மாறுபாடு. கறுப்பு-வெள்ளைச் சார்ட்டில் ஒரே அளவு படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மங்கலான ஜெராக்ஸ் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. வித்தியாசம் மாறுபாட்டு உணர்வில் இருக்கிறது. அது குறைந்த குழந்தைக்குப் பெரிதாக்குவதோடு கறுப்பு மையும் வெளிச்சமும் சேர வேண்டும்.

பார்வைப்புலம். பவர் கணக்குக்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும். மொத்தம் 10 பாகை அகலமே உள்ள புலத்தில், 40 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய 7 செ.மீ. நீள வரி அடங்கும். அதே பக்கத்தை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 1.75 செ.மீ.தான் அடங்கும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (பார்வைப்புலத்தை ஓரத்திலிருந்து சுருக்கும் விழித்திரை நோய்) உள்ள குழந்தையிடம் பெரிய உருப்பெருக்கத்தைக் கொடுத்தால் சொல் துண்டு துண்டாகிப் போவது இதனால்தான். அதற்கு மாறாக, ஸ்டார்கார்ட் நோய் போல மையப்புள்ளி பழுதான கண்ணுக்குச் சுற்றுப்புலம் நன்றாக இருக்கும். அதற்கு உருப்பெருக்கம் நன்றாகவே பலன் தரும்.

## 4. எவ்வளவு பெரிதாக்க வேண்டும்

கிட்டக் கொண்டுவருவதே உருப்பெருக்கம். தூரத்தைப் பாதியாக்கினால் விழித்திரையில் எழுத்து இரண்டு மடங்காகிறது. லென்ஸின் வேலை அந்தக் கிட்டத் தூரத்தில் எழுத்தைத் தெளிவாக வைத்திருப்பது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதிக் கணக்கு எளிது.

ஒரு எடுத்துக்காட்டு. தூரப் பார்வை 6/30. 20 செ.மீ.யில் 1 எம் எழுத்தைத் திக்கித் திக்கிப் படிக்கிறது, 2 எம் எழுத்தைச் சரளமாகப் படிக்கிறது. புத்தகத்தில் இருப்பது 1 எம், அதாவது ஏறத்தாழ செய்தித்தாள் அளவு.

"20 செ.மீ.யில் 1 எம் தெரிகிறதே, கருவி எதற்கு?" என்று இங்கே பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். இரண்டு வரிக்குப் பின் குழந்தை சோர்ந்துபோகும். சரளமாகப் படிக்க, எல்லை அளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு எழுத்து வேண்டும். 2 எம்முக்கு 20 செ.மீ. என்றால் 1 எம்முக்கு 10 செ.மீ. அந்தத் தூரத்துக்கு 10 டயாப்டர் தேவை.

தூரப் பார்வையைத் தலைகீழாக்கிப் பவர் எடுக்கும் வழியும் உண்டு: 30-ஐ 6-ஆல் வகுத்தால் 5 டயாப்டர். அது எழுத்து தெரியத் தொடங்கும் எல்லைக்கு மட்டுமே. அதோடு நின்றுவிடக்கூடாது.

அடுத்த கேள்வி, இந்த 10 டயாப்டரை யார் கொடுப்பது? குழந்தையின் கண்ணே பொருள் கிட்ட வரும்போது குவியத்தை மாற்றிக்கொள்ளும். 10 வயதில் அந்தத் திறன் 12 டயாப்டருக்கு மேல் இருக்கலாம். ஆனால் அதில் பாதியைத்தான் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும். ஆகவே +4 அல்லது +5 கிட்டப் பவரோடு தொடங்கி, பத்து நிமிடம் தொடர்ந்து படிக்கவிட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் வேகம் விழுந்தால் பவர் போதவில்லை.

மூன்று விதிவிலக்குகளை மறக்காதீர்கள். கண்புரை அறுவையில் இயற்கை லென்ஸ் எடுக்கப்பட்ட கண்ணுக்குக் குவிய மாற்றமே கிடையாது, செயற்கை லென்ஸ் வைத்திருந்தாலும் அப்படித்தான். 10 டயாப்டர் முழுவதையும் நாம்தான் கொடுக்க வேண்டும். −10 கிட்டப்பார்வை உள்ள குழந்தை கண்ணாடியைக் கழற்றினாலே 10 செ.மீ.யில் தெளிவாகப் படிக்கும், புதுக் கருவி வேண்டியதில்லை. மூளை சார்ந்த பார்வைக் குறைபாட்டில் எழுத்தின் அளவைவிடப் பக்கத்தின் நெரிசல்தான் சிக்கல். முதலில் பக்கத்தைக் காலியாக்கிப் பாருங்கள்.

## 5. கிட்ட வேலைக்கான கருவி

மூக்குக்கண்ணாடி வடிவ உருப்பெருக்கி. இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், பார்க்கும் பரப்பும் அகலம். நீண்ட நேர வாசிப்புக்கும் எழுத்துக்கும் இதுவே முதல் தேர்வு. இரு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் ஏறத்தாழ +10 அல்லது +12 வரை இரு கண்ணுக்கும் கொடுக்கலாம். அப்போது மூக்குப் பக்கம் அடி வைத்த பிரிசம் (ஒளியைத் திருப்பும் ஆப்பு வடிவ லென்ஸ்) தேவை, ஒவ்வொரு கண்ணுக்கும் பவரோடு 2 கூட்டிய அளவு (+8-க்கு 10). இல்லாவிட்டால் கண்கள் உள்ளே திரும்பித் திரும்பியே களைத்துவிடும். அதற்கு மேல் பவர் என்றால் நல்ல கண்ணுக்கு மட்டும்.

டோம் லென்ஸ். பக்கத்தின் மேலேயே வைத்து நகர்த்தும் கண்ணாடிக் குமிழ். உருப்பெருக்கம் ஏறக்குறைய 2 மடங்குக்குள். சுற்றியுள்ள வெளிச்சத்தைத் திரட்டித் தாளில் கொட்டும், குவியம் பிடிக்கத் தேவையில்லை. ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. குழந்தை எப்படியும் கிட்டத்தானே குனிகிறது, அதன் மேல் இந்த இரண்டு மடங்கு சேரும்.

ஸ்டாண்ட் உருப்பெருக்கி. கை நடுங்கும் பிள்ளைக்கும், லென்ஸைச் சரியான உயரத்தில் பிடிக்கத் தெரியாதவர்களுக்கும். இதில் லென்ஸ் அதன் குவியதூரத்தைவிடத் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் வெளிவரும் ஒளி விரிந்தே வரும். கண் தன் குவியத்தை மாற்றியாக வேண்டும், அல்லது கிட்டப் பவர் கண்ணாடி வேண்டும். கண்புரை அறுவையான குழந்தை "இந்த லென்ஸ் மங்கல்" என்றால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். கிட்டக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கை உருப்பெருக்கி. வரைபடத்தில் ஒரு ஊர்ப் பெயர், அகராதியில் ஒரு சொல், அளவுகோலில் ஒரு கோடு போன்ற சின்ன வேலைகளுக்கு. இங்கே நிலைமை தலைகீழ். லென்ஸைப் பக்கத்திலிருந்து அதன் குவியதூரத்தில் பிடித்தால் தூரக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். பைஃபோகலின் கீழ்ப் பகுதி வழியாகப் பார்த்தால் மங்கும். கண்ணை லென்ஸுக்கு அருகில் கொண்டுபோனால் பவர் கூடாது, தெரியும் பரப்பு கூடும். லென்ஸைக் கை நீட்டிப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தந்தாலே வாசிப்பு மாறும்.

எழுதும் வேலைக்குக் கை உருப்பெருக்கியும் டோமும் உதவாது, பேனா நுழைய இடமில்லை. இதை யோசிக்காமல் கொடுத்த கருவி வீட்டுப்பாடம் தொடங்கிய அன்றே கைவிடப்படும்.

கருவியில் அச்சிட்டிருக்கும் "எக்ஸ்" எண்ணை நம்பாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் டயாப்டரை 4-ஆல் வகுக்கிறார்கள், சிலர் அதோடு 1 கூட்டுகிறார்கள். 5 எக்ஸ் என்பது ஒருவரிடம் 20 டயாப்டர், இன்னொருவரிடம் 16. மருந்துச்சீட்டில் டயாப்டரை எழுதுங்கள்.

## 6. கரும்பலகைக்கான வழி

டெலஸ்கோப்புக்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள். 6/60 பார்வைக்கு 3 மீட்டரில் தெரியும் மிகச் சிறிய எழுத்தின் உயரம் 4.4 செ.மீ. ஆசிரியர் அந்த அளவில் எழுதினால் மூன்று மீட்டரில் இருக்கும் குழந்தை எல்லையில் தடுமாறும். 1.5 மீட்டருக்கு நகர்த்தினால் அதே எழுத்து எல்லை அளவைப்போல் இரண்டு மடங்காகிவிடும். பலருக்கு இதுவே போதும்.

போதாதபோது மோனோகுலர் டெலஸ்கோப், அதாவது ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு குழாய். தேவையான பார்வைக்கும் இருக்கும் பார்வைக்கும் உள்ள விகிதமே உருப்பெருக்கம்: 6/60-ஐ 6/15 ஆக்க 4 மடங்கு. கருவியில் 4×12 என்றிருந்தால் 4 உருப்பெருக்கம், 12 முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 12-ஐ 4-ஆல் வகுத்தால் வரும் 3 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 8×20-இல் இது 2.5 மி.மீ. ஆகிவிடும். படம் இருளும், தெரியும் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் எட்டு மடங்காகத் தெரியும். ஆகவே வேலை நடக்கிற மிகக் குறைந்த உருப்பெருக்கத்தையே கொடுங்கள். முதல் டெலஸ்கோப்பாக 8 மடங்கைக் கொடுப்பது குழந்தையைத் தோல்விக்குத் தயார் செய்வது.

கண்ணாடி போட்ட குழந்தைக்கு டெலஸ்கோப்பின் ரப்பர் விளிம்பை மடக்கிவிட வேண்டும். விரித்தபடி இருந்தால் கண் தள்ளிப்போய், சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் பரப்பு குறுகும்.

## 7. வெளிச்சமும் மேசையும்

இதற்குச் செலவு சொற்பம், பலன் அதிகம், மறப்பதும் இதையே. மேசை விளக்கை 60 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் தாளில் விழும் ஒளி நான்கு மடங்காகும். எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கண் மட்டத்துக்குக் கீழே, பல்ப் கண்ணில் படாதபடி வையுங்கள்.

அல்பினிசம் (நிறமிக் குறைபாடு), அனிரிடியா (கண்ணுக்குள் வரும் ஒளியைக் கட்டுப்படுத்தும் ஐரிஸ் இல்லாமை), விழித்திரையின் கூம்பு உயிரணுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு வெளிச்சம் கூசும். அவர்களுக்கு விளிம்புத் தொப்பியும் நிறக்கண்ணாடியும் தேவை. நிறத்தை அறைக்குள் தேர்ந்தெடுக்காதீர்கள், வெயிலுக்கு அழைத்துப்போய்ப் பாருங்கள். வகுப்புக்கும் வெளிக்கும் ஒரே கறுத்த கண்ணாடியைக் கொடுத்தால் வகுப்பில் பலகை மறையும்.

10 செ.மீ.யில் படிக்கும் குழந்தைக்குச் சாய்மேசை கட்டாயம். இல்லாவிட்டால் முதுகு வளைந்து, தலை நிழல் தாளில் விழுந்து, கால் மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். அந்த வலிக்குக் கருவியின் மேல்தான் பழி விழும்.

கறுப்புக் காகிதத்தில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிய வாசிப்பு அட்டை, தடித்த கோடு போட்ட நோட்டு, கறுப்பு ஜெல் பேனா இவற்றை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இவற்றுக்குப் பயிற்சி வேண்டியதில்லை.

## 8. பயிற்சி

கருவியைக் கொடுத்த நாளில் வாசிப்பு வேகம் குறையலாம். அதைக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி உருப்பெருக்கிக்கு: பக்கத்தை மூக்கு நுனிவரை கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கிருந்து எழுத்து தெளியும்வரை மெல்லத் தள்ளட்டும். தூரத்திலிருந்து கிட்டக் கொண்டுவரச் சொன்னால் பாதியிலேயே நிறுத்தி "தெரியவில்லை" என்பார்கள். தெளிந்த இடத்தில் தலையை அசைக்காமல் புத்தகத்தை இடப்பக்கமாக நகர்த்திப் படிக்க வேண்டும். வரி முடிந்ததும் அதே வரியின் மேலேயே தொடக்கத்துக்குத் திரும்பி, பிறகு ஒரு வரி இறங்க வேண்டும். குறுக்காகத் தாவினால் வரி தவறும்.

மையப்புள்ளி பழுதான குழந்தைக்கு அதற்கு முன் ஒரு பாடம். கடிகார முகம் ஒன்றை வரைந்து நடுவில் ஒரு எழுத்தை வையுங்கள். 12, 3, 6, 9 என்று ஒவ்வொரு எண்ணையும் பார்க்கச் சொல்லி, எந்த எண்ணைப் பார்க்கும்போது நடு எழுத்து தெளிகிறது என்று கேளுங்கள். அந்தத் திசையே அதன் பார்க்கும் திசை. பல பிள்ளைகள் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள், நாம் பெயர் வைத்து உறுதிப்படுத்துகிறோம்.

டெலஸ்கோப்புக்கு வரிசை மாறக்கூடாது:

அ. வெறும் கண்ணால் பலகையின் ஓரத்தைக் கண்டுபிடித்தல். கண் அங்கேயே இருக்க, குழாய் கண்ணுக்கு வர வேண்டும்.

ஆ. பிடி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கண்பக்க முனையை வளையமாகப் பிடித்து, மற்ற விரல்கள் கன்னத்தில் ஊன்றி, முழங்கை மேசையில் நிற்க வேண்டும்.

இ. குவியம். முதலில் 3 மீட்டரில் அசையாத பெரிய எழுத்து. கிட்ட உள்ள பொருளுக்குக் குழாய் நீளும், தூரத்துக்குச் சுருங்கும் என்பதைக் கையால் உணரச் செய்யுங்கள்.

ஈ. சுவரில் ஒட்டிய நீளக் கோட்டின் வழியே நகர்த்துதல், பிறகு நடக்கும் ஆளைத் தொடர்தல், கடைசியாகப் பலகையை வரிவரியாகத் துழாவுதல்.

உ. பார்த்து எழுதுதல். ஒரு சொல்லுக்கு ஒரு முறை தூக்கினால் வகுப்பை எட்டிப்பிடிக்க முடியாது. மூன்று நான்கு சொற்களை மனதில் வாங்கி எழுதப் பழக்குங்கள்.

டெலஸ்கோப்பைக் கண்ணில் வைத்தபடி நடக்கக்கூடாது, சூரியனைப் பார்க்கவே கூடாது. இந்த இரண்டையும் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

வீட்டில் தினமும் பத்துப் பத்து நிமிடம் இரண்டு தடவை போதும், அதுவும் குழந்தைக்குப் பிடித்த கதைப் புத்தகத்தோடு. ஒரு மணி நேரம் கட்டாயப்படுத்தினால் தலைவலியும் வெறுப்பும்தான் மிஞ்சும். வீட்டில் சரளமான பிறகே கருவி பள்ளிக்குப் போகட்டும். எல்லோர் முன்னாலும் தட்டுத்தடுமாறிய பிள்ளை மறுநாள் அதை வெளியே எடுக்காது.

## 9. வகுப்பறைக்கு ஒரு பக்கக் குறிப்பு

மருத்துவ அறிக்கையை ஆசிரியருக்கு அனுப்பாதீர்கள். "இரு கண்ணிலும் 6/60" என்பது அவருக்கு எதையும் சொல்லாது. செய்ய வேண்டியதை எழுதுங்கள்: பலகையிலிருந்து 1.5 மீட்டரில் உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். நகல் வினாத்தாள் கறுப்பாக, 18 பாயின்ட்டில் இருக்கட்டும். எழுத்து வேலைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். புத்தகத்தைக் கண்ணருகே வைப்பதும் தலை சாய்ப்பதும் இந்தக் குழந்தை பார்க்கும் முறை, அதைத் தடுக்காதீர்கள்.

கடைசி வரியை அடிக்கோடிடுங்கள். கிட்ட வைத்துப் படித்தால் இருக்கும் பார்வையும் போய்விடும் என்ற பயம் வீட்டிலும் பள்ளியிலும் வேரோடிக் கிடக்கிறது. பார்வையைப் பயன்படுத்துவதால் இந்த நோய்கள் முற்றுவதில்லை.

"முன் வரிசை" என்று மட்டும் எழுதினாலும் போதாது. கண் நடுக்கத்தால் முகத்தை வலப்பக்கம் திருப்பி இடப்பக்கமாகப் பார்க்கும் குழந்தைக்கு, பலகை அதன் இடப்பக்கம் வரும்படி வகுப்பின் வலப்பக்க இருக்கை வேண்டும். தவறான ஓரத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கழுத்தை முறுக்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் ஆசிரியர் அனுமதித்தால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் டெலஸ்கோப்பை ஒரு முறை பார்த்துவிடட்டும். ஆர்வம் தீர்ந்துவிட்டால் கேலி குறையும்.

## 10. லென்ஸ் போதாத இடம்

பவர் 20 டயாப்டரைத் தாண்டினால் வாசிப்புத் தூரம் 5 செ.மீ.க்குள் வந்துவிடும். நீண்ட பாடத்துக்கு அது நடைமுறையில் கஷ்டம். வீடியோ உருப்பெருக்கியோ டேப்லெட்டோ வேண்டும். திரையில் மாறுபாட்டைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளை எழுத்தாக வைத்தால் கூசும் கண்ணுக்கு இதமாக இருக்கும். பலகையைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிப்பதும் முறையான வழிதான். கணினியில் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் உரையை வாசித்துக் காட்டும்.

சரியான கருவியோடும் பயிற்சியோடும் வாசிப்பு, வகுப்பின் வேகத்துக்கு அருகில்கூட வரவில்லை என்றாலோ, நோய் முற்றும் வகை என்றாலோ பிரெய்லை இப்போதே தொடங்குங்கள். அச்சும் பிரெய்லும் ஒன்றாகவே போகலாம். பார்வை முழுதும் போகட்டும் என்று காத்திருந்தால், படிப்பு மிகக் கடினமாகும் வகுப்பில் புது எழுத்து கற்க வேண்டிவரும்.

## 11. மறுபரிசோதனை

இரண்டு வாரத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. வளரும் கண்ணில் பவர் மாறும், வகுப்பு ஏறும்போது எழுத்து சிறுக்கும், இலக்கும் மாறும்.

"பயன்படுத்துகிறாயா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். புத்தகத்தைக் கையில் கொடுத்து எதுவும் சொல்லாமல் பாருங்கள். கருவியைத் தானாக எடுத்து, சரியான தூரத்தில் பிடித்தால் அது பழகிய கை. பிறகு இரண்டு நிமிட வாசிப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொல் சரியாக வந்தது என்று எண்ணி, முதல் நாள் எண்ணின் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே தரத்தில் வேறு பத்தி கொடுங்கள், பழைய பத்தி மனப்பாடமாகியிருக்கும்.

லென்ஸையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சட்டை நுனியால் உலரத் துடைத்த பிளாஸ்டிக் லென்ஸ் சில மாதத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். தண்ணீரில் கழுவி மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விளக்குள்ள உருப்பெருக்கியில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். "இப்போதெல்லாம் அது சரியாகத் தெரிவதில்லை" என்று குழந்தை சொன்னால் உடனே பவரைக் கூட்டாதீர்கள். முதலில் பேட்டரி, பிறகு கீறல், பிறகு கண்ணாடிப் பவர். அவை மூன்றும் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.